‘நா’ போட்ட கார்டு

— அந்த ஒரு கார்டை மட்டும் காணோம்னு சொல்லிடு பாப்பா.

— எப்படி அண்ணா சொல்றது? என் கையிலதானே இருக்கு.

— உன் கையில இருக்கறது எனக்குத் தெரியுது. வர்றவங்களுக்குத் தெரியாதுல்ல?

— இருபத்தாறு வருஷத்துல இந்த ஆபீஸ்ல ஒரு கார்டு காணாமப் போனதில்ல. மழைத்தண்ணி உள்ள வந்துச்சே, அந்த வருஷம்கூட பொட்டியைத் தலையில வச்சுக்கிட்டு மேசை மேல ஏறி நின்னேன். நீ நாற்காலியைக் காப்பாத்தினே, நான் கார்டைக் காப்பாத்தினேன். இப்ப வந்து காணோம்னு சொல்லணுமா?

— விடு. இனிமே அந்தப் பொட்டிக்கு வேலையே இல்ல. அடுத்த மாசம் அதுல செருப்பு வச்சுக்கலாம்.

— பேச்சை மாத்தாதே. புதுச் சட்டத்துல என்ன போட்டிருக்கு? குடியிருக்கறவங்க எழுதிக் கேட்டா, புரோக்கர் அவங்களைப் பத்தி என்ன எழுதி வச்சிருக்காரோ அதை ஏழு நாளுக்குள்ள காட்டணும். மூணாம் மாடி அம்மா எழுதிக் கேட்டு இன்னியோட ஏழு நாள். மூணு மணிக்கு வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

— சட்டத்தை எனக்கு நீ படிச்சுக் காட்ட வேண்டாம். மனப்பாடம் ஆயிடுச்சு. அக்ரிமென்ட் இனிமே தானா ஓடும், வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டாம். காரணம் சொல்லாம யாரையும் காலி பண்ணச் சொல்லக் கூடாது. குடி வர்றவங்ககிட்ட கமிஷன் வாங்கக் கூடாது. நம்ம பொழப்பை முடிக்க மூணே வரி. மூணாவது வரி படிக்கறப்ப எனக்குக் கண்ணே தெரியல.

— அவங்களுக்கு நல்லதுதானே அண்ணா? வருஷா வருஷம் புதுப்பிக்க வருவாங்களே, நாற்காலி நுனியில உக்காருவாங்க. முழுசா சாஞ்சு உக்காந்து நான் ஒருத்தரையும் பாத்ததில்ல.

— நமக்கு?

— நமக்குக் கஷ்டம்தான். இல்லைன்னா சொன்னேன்?

— கேட்டுக்கோ. ஒரு வீட்டுக்குப் புதுசா ஆள் புடிச்சு வைக்கறதுல என்ன மிஞ்சும்? அலைச்சலுக்கே சரியாப் போயிடும். இருக்கறவங்க இருந்த இடத்துலயே இருக்கணும். வருஷம் பொறந்தா வந்து கையெழுத்துப் போட்டுக் கமிஷன் தரணும். அதுலதான் இந்த ஆபீஸ் விளக்கு எரிஞ்சது. உங்க அண்ணி ஆஸ்பத்திரியில இருந்தப்ப அதுலதான் மருந்து வாங்கினோம். எங்கேயோ உக்காந்து ஒருத்தன் பேனாவை எடுத்து அதை அடிச்சுட்டான். இனி ஓனருக்கு வீட்டைப் பராமரிச்சுக் குடுத்துப் பொழைக்கணுமாம். குழாய் ஒழுகினா ஆள் அனுப்பணுமாம். நான் என்ன குழாய்க்காரனா?

— குழாய்க்காரருக்கு என்ன குறைச்சல்? நம்மளைவிட அவருக்குத்தான் மரியாதை. அவர் வந்தா எல்லாரும் கதவைத் திறக்கறாங்க.

— நீ சிரி. முனை ஆபீஸ்காரன் கம்பெனிக்கு வித்துட்டுப் போயிட்டான். இப்ப அங்க போர்டும் இல்ல, ஆளும் இல்ல. போன்ல பொத்தானை அமுக்கினா வீடு வருதாம்.

— சரி, நேத்து அந்த டைப்பிஸ்ட் வந்தாரே, அவர் கார்டைக் காட்டச் சொன்னப்ப நீ ஒண்ணும் சொல்லலையே?

— அவன் கார்டுல என்ன இருந்துச்சு?

— ‘வா.’ அப்படின்னா என்னன்னு கேட்டார். வாய் நீளம்னு சொன்னேன். யாருக்கு வாய் நீளம்னு ஒன்றரை மணி நேரம் கேட்டார். நடுவுல ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சார்.

— நீதானே ஊத்திக் குடுத்தே.

— தொண்டை காஞ்சுபோச்சு அவருக்கு, பாவம். அதுக்கு முந்தின நாள் ஒரு அம்மா வந்தாங்க, அவங்க கார்டுல ‘பூ’. ‘அட, என்னைப் பூன்னா எழுதி வச்சிருக்கீங்க’ன்னு அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். பூனை வளக்கறவங்கன்னு சொல்ல எனக்கு மனசே வரல.

— அப்ப இதையும் சொல்லாம விடு.

— இது அந்த மாதிரி கார்டா? ‘நா.’ நாணயம். இந்தப் பொட்டியிலயே நல்ல எழுத்து இதுதான். முந்நூத்திச் சொச்சம் கார்டுல முப்பத்தெட்டுக்குத்தான் போட்டிருக்கேன். ‘வா’வைக் காட்டறதுக்குப் பயப்படாதவன் ‘நா’வைக் காட்டறதுக்கு ஏன் பயப்படறே?

— எழுதினதுக்கு இல்ல பாப்பா. அதை மத்த ஆபீஸ்காரங்களுக்குப் போன்ல சொன்னோம் பாரு, அதுக்குத்தான். இப்ப அது குத்தம். யாராவது புகார் குடுத்தா லைசென்ஸ் போயிடும்.

— நல்லதா சொன்னாலுமா?

— நல்லதோ கெட்டதோ. சொல்லக் கூடாது.

— எல்லாரும்தானே சொன்னோம்? நம்மகிட்ட குடியிருக்கறவங்க வேற ஆபீஸுக்கு வீடு கேட்டுப் போனா அங்க இருந்து போன் வரும், ‘இன்னார் வந்திருக்காங்க, என்ன எழுத்து?’ன்னு. எதிர்ல ஆள் உக்காந்திருப்பாங்க, முழு வார்த்தை சொல்லக் கூடாது, எழுத்தை மட்டும் சொல்லுன்னு நீதான் பழக்கினே. நானும் எழுத்தை மட்டும்தான் சொல்வேன். அதுல என்ன...

— வந்துட்டாங்க. அதை உள்ள வை.

— வாங்கம்மா, வாங்க. வெயில்ல நடந்தா வந்தீங்க? இந்த நாற்காலியில உக்காருங்க, அது ஆடும்.

— இங்க படியே இல்லையே கண்ணு. பழக்கதோஷத்துல காலைத் தூக்கி வச்சுட்டேன்.

— தெருவும் ஆபீஸும் ஒரே மட்டம்மா. அதான் மழைத்தண்ணியெல்லாம் கேக்காமலே உள்ள வந்துடும்.

— வணக்கம்மா. விஷயம் கேள்விப்பட்டேன். வந்து ஒரு வார்த்தை கேக்க முடியாமப் போச்சு.

— பரவாயில்ல தம்பி. உங்களுக்கு ஆயிரம் வேலை. எங்க வீட்டுக்காரர் போய் நாலு மாசம் ஆச்சு. அவரைக் கீழ கொண்டு வர ஆறு பேர் வேண்டியிருந்துச்சு. நம்ம மாடிப்படித் திருப்பம் உங்களுக்குத் தெரியுமே, படுக்க வச்சுத் திருப்ப முடியல. நிமித்திப் புடிச்சுத்தான் கொண்டு வந்தாங்க. ரெண்டரை வருஷம் கழிச்சு அன்னிக்குத்தான் அவர் தெருவுக்கு வந்தார்.

— ரெண்டரை வருஷமா இறங்கவே இல்லையாம்மா?

— அம்பத்தாறு படி கண்ணு. நெஞ்சுல பலம் இல்ல. பத்துப் படி இறங்கினா உதடு நீலமாயிடும். ஊர்ல இருக்கற லிஃப்ட்டையெல்லாம் பழுது பாத்த மனுஷன். சொல்லிச் சிரிப்பார், ‘பதினாலு மாடிக் கட்டடத்துக்கெல்லாம் நான் ஒரு பொத்தானை அமுக்கிப் போவேன், என் வீட்டுக்குப் போறதுக்குத்தான் மூச்சு வாங்கணும்’னு. அப்புறம் சிரிக்கறதுக்கும் மூச்சு வாங்கிச்சு.

— அக்ரிமென்ட் அவர் பேர்ல இருக்குன்னு கவலைப்படாதீங்கம்மா. புதுச் சட்டப்படி தானா உங்க பேருக்கு வந்துடும். யாரும் உங்களைக் கிளப்ப முடியாது. நான் ஓனர்கிட்ட பேசிடறேன். நீங்க இந்த வெயில்ல அலையாம...

— அதுக்கு வரல தம்பி. கார்டைப் பாக்க வந்தேன். எழுதிக் குடுத்திருந்தேனே.

— அது வந்தும்மா... பழைய கார்டெல்லாம் ஒழுங்கா...

— இருக்கும்மா. என்கிட்டதான் இருக்கு.

— பாப்பா.

— என்ன அண்ணா? இருக்கறதை இருக்குன்னுதானே சொல்ல முடியும்?

— எடுக்கறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லிடறேன் கண்ணு. அதுல என்ன இருக்குன்னு எனக்குப் பாதி தெரியும். மீதியைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். எனக்கு வேற வீடு வேண்டாம். கீழ் வீடு இனிமே எனக்கு எதுக்கு? என் முழங்கால் நல்லாத்தான் இருக்கு. நாங்க என்ன தப்புப் பண்ணோம்? அதை மட்டும் சொல்லுங்க.

— தப்பா? நீங்களா?

— பதினோரு வீடு தேடிப் பாத்தேன் கண்ணு. பதினொண்ணும் கீழ் வீடு. முதல்ல தம்பிகிட்டதான் வந்து கேட்டேன்.

— என்கிட்ட கீழ் வீடே கிடையாதேம்மா. நான் பாக்கறதெல்லாம் மாடிக் கட்டடம், கீழ முழுக்கக் கடை. உங்களுக்கே தெரியும்.

— ஆமா, அன்னிக்கும் அதைத்தான் சொன்னீங்க. நான் குறை சொல்லல. அதனாலதான் மத்த நாலு ஆபீஸுக்கும் போனேன். போனதும் நல்லாத்தான் பேசுவாங்க. கூட்டிட்டுப் போய் வீடு காட்டுவாங்க. ஒரு வீட்டுல பின்பக்கம் சின்னதா வெளியிடம் இருந்துச்சு, சுவர் ஓரமா ஒரு நாற்காலி போடலாம். போன்ல படம் எடுத்துட்டு வந்து அவருக்குக் காட்டினேன். நாற்காலியை எந்தப் பக்கம் பாத்துப் போடறதுன்னு ரெண்டு நாள் பேசினோம். வெயில் முதுகுல படணும்னு அவர், தெரு தெரியணும்னு நான். மூணாம் நாள் போன் வந்துச்சு. ‘வேற ஆள் வந்துட்டாங்க.’

— அது நடக்கறதுதாம்மா, நல்ல வீட்டுக்குப் போட்டி...

— பதினோரு தடவையுமா தம்பி? ஒரு தடவை அந்த வழியாப் போனப்ப எட்டிப் பாத்தேன். ஒன்றரை மாசம் ஆகியும் அந்த வீடு பூட்டித்தான் இருந்துச்சு. அதை அவர்கிட்ட சொல்லல. அதை மட்டும் சொல்லல.

— தண்ணி குடிக்கறீங்களாம்மா?

— வேண்டாம் கண்ணு. அஞ்சாவது வீடு போனப்பவே அவர் கண்டுபுடிச்சுட்டார், ‘நம்ம பேர்ல எங்கேயோ ஏதோ இருக்கு’ன்னு. மெஷினைப் பாத்த ஆள்ல, எங்க பழுதுன்னு தேட ஆரம்பிச்சுட்டார். ‘ஒரு நாள் குளிக்கற ரூம் குழாயை மூடாமப் போனோமே, கீழ் வீட்டுக்கு ஒழுகிச்சே, அதா இருக்குமோ?’ அப்புறம், ‘என் தங்கச்சி குடும்பத்தோட வந்து பதினஞ்சு நாள் தங்கினாளே, அவ புள்ளைங்க குதிச்சதுக்கு யாராவது சொல்லியிருப்பாங்களோ?’ நான் போடற டீ ஆறிப்போகும், அவர் யோசிச்சுக்கிட்டே இருப்பார். கடைசியில ஆணிக்கு வந்து நின்னார்.

— ஆணியா?

— கூடத்துல கடிகாரம் மாட்ட ஒரு ஆணி அடிச்சார். கேக்காம. அடிச்சு இருபது வருஷம் இருக்கும். அக்ரிமென்ட்டை எடுத்துப் படிச்சா, சுவர்ல ஆணி அடிக்கக் கூடாதுன்னு இருக்கு. அன்னிக்கே எழுந்து அதைப் பிடுங்கினார். ஓட்டையை வெள்ளை சோப்பு வச்சு அடைச்சார். அதுக்கே அரை மணி நேரம் உக்காந்து மூச்சு வாங்கினார். அப்புறம் உங்களுக்குக் கடுதாசி எழுதினார்.

— வந்துச்சும்மா. மன்னிச்சுக்கணும்னு எழுதி, கீழ ஆணியோட நீளம்கூட எழுதியிருந்தார்.

— படிச்சீங்களா?

— படிச்சேன். நான்... அய்யோ, எப்படிச் சொல்வேன், நான் சிரிச்சேம்மா. கேலியா இல்ல. இந்தக் காலத்துல ஒரு ஆணிக்கு மன்னிப்புக் கேக்கற மனுஷன் இருக்காரேன்னு சிரிச்சேன். அண்ணாகிட்டயும் காட்டினேன். அண்ணா சிரிக்கல. வாங்கிச் சட்டைப் பையில வச்சுக்கிட்டு வெளிய போயிடுச்சு. நீ ஏன் அண்ணா பதில் போடல?

— எனக்கு ஞாபகம் இல்ல.

— பதில் வரும்னு பாத்தார் தம்பி. எங்க ஜன்னல்ல இருந்து தபால்காரர் திரும்பற முனை தெரியும். பத்துப் பதினஞ்சு நாள் அங்கேயே உக்காந்திருந்தார். வரலைன்னதும், ‘அப்ப அந்த ஆணிதான்’னு முடிவு பண்ணிட்டார். ‘என்னாலதான் உனக்கு இந்தப் படி’ன்னு என்கிட்ட மன்னிப்புக் கேட்டார். எனக்கு என்ன கஷ்டம்? நான் ஏறி இறங்கிக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்குப் போய்...

— அம்மா, அது ஆணி இல்லம்மா. சத்தியமா இல்ல.

— இப்ப தெரியும் கண்ணு. போன மாசம் தெரிஞ்சுது. முனையில இருந்த ஆபீஸை மூடிட்டாங்கல்ல, அங்க எழுத்து வேலை பாத்த பெரியவரை வழியில பாத்தேன். அவருக்கும் வேலை போயிடுச்சு. அவரா நின்னு சொன்னார், ‘இனிமே சொன்னா என்னம்மா, எனக்கு முதலாளியே இல்ல. உங்க கார்டுல நா இருந்துச்சு. நா-ன்னா நாள் கடத்துறவங்க. இன்னிக்குத் தர்றேன் நாளைக்குத் தர்றேன்னு வாடகையை இழுக்கறவங்க. அந்த எழுத்து இருந்தா நாங்க வீடு குடுக்க மாட்டோம்’னு.

— என்னது?

— ‘உங்க புரோக்கர் ஆபீஸ்ல போன் எடுக்கற அம்மா அதைச் சந்தோஷமாச் சொல்வாங்க’ன்னும் சொன்னார். எனக்கு அது ஒரு மாதிரி இருந்துச்சு. நீயா இருக்காதுன்னு நினைச்சேன்.

— நான்தாம்மா. நான்தான் சொன்னேன். ஆனா அது இல்ல. அது அது இல்லம்மா!

— நான் சண்டைக்கு வரல கண்ணு, உக்காரு. இருபத்துநாலு வருஷம் அந்த வீட்டுல இருந்தோம். எனக்குத் தெரிஞ்சு ஒரு மாசம் வாடகை தள்ளிப் போகல. கட்டறது அவர் வேலை, நான் கேக்கறதில்ல. அந்தப் பெரியவர் சொன்னதுல இருந்து எனக்கு ஒரே யோசனை. என்னைக்காவது கட்டாம இருந்திருப்பாரோ? கட்டிட்டேன்னு என்கிட்ட சொல்லிட்டு வேற எதுக்காவது குடுத்திருப்பாரோ? ஆணி, குழாய்னு தேடினதெல்லாம் அதை மறைக்கத்தானோ? ஒரு மாசமா எனக்கு அவர் மேல சந்தேகம். போய்ச் சேர்ந்த மனுஷன் மேல. அவர் சட்டையை மடிக்கறப்பகூட அந்தச் சந்தேகத்தோடதான் மடிக்கறேன். அதான் வந்தேன். எந்த மாசம்னு பாத்துச் சொல்லு. இருந்தா இருக்கட்டும். தெரிஞ்சா மன்னிச்சுடுவேன். தெரியாமத்தான் முடியல.

— இதைப் பாருங்க. இதான் உங்க கார்டு. இது எழுத்து நோட்டு, முதல் பக்கம். எனக்குப் பத்தொன்பது வயசுல எழுதினது. படிங்கம்மா, நீங்களே படிங்க.

— கண்ணாடி கொண்டு வரல. நீ படி.

— ச, சத்தம் போடறவங்க. பூ, பூனை. மூ, மூக்கை நுழைக்கறவங்க. வா, வாய் நீளம். நா... நாணயம். வாடகை ஒரு நாள் பிந்தாதவங்க. சொன்ன சொல் மாறாதவங்க. அடுத்தவங்க வீட்டைத் தன் வீடா வச்சுக்கறவங்க. கேட்டீங்களா? மத்த எழுத்துக்கெல்லாம் ஒரு வரி. நா-வுக்கு மட்டும் மூணு வரி எழுதியிருக்கேன்.

— நாணயமா?

— நாணயம்மா! நீங்க வந்து முதல் வருஷம் முடிஞ்சதுமே போட்டுட்டேன். நாள் கடத்துறவங்களுக்கு எங்க எழுத்து ‘இ’. இழுத்தடிக்கறவங்க. இதோ, கடைசி வரி. உங்க கார்டுல ‘இ’ இருக்கா பாருங்க. இல்ல. ஒத்தை ‘நா’தான்.

— அப்ப அவங்க...

— தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. நான் முழு வார்த்தை சொல்ல மாட்டேன்ல, எழுத்தை மட்டும் சொல்வேன். அவங்க அதுக்கு அவங்களா ஒரு அர்த்தம் வச்சுப் படிச்சிருக்காங்க. நான் பெருமையாத்தாம்மா சொன்னேன். ‘நா! எழுதிக்கோங்க, நா!’ன்னு. சொல்லிட்டு, இவங்களுக்கு நல்ல வீடு கிடைச்சிடும்னு நினைச்சுக்கிட்டுப் போனை வைப்பேன். உங்களுக்கு மட்டும் பதினோரு தடவை சொல்லியிருக்கேன். என் வாயாலயே... என் வாயாலயேம்மா...

— அழாதே பாப்பா.

— நீ சொல்லு அண்ணா. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நா-ன்னா என்னன்னு நீ சொல்லு.

— நாணயம்தாம்மா.

— இன்னும் சொல்லு!

— உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தரை இந்தத் தொழில்ல நான் பாத்ததில்ல. வாடகை தேதிக்கு முந்தின நாளே வந்துடும். மழை பெஞ்சாலும் வரும். படுத்த அப்புறம்கூட லிஃப்ட் கம்பெனியில தன்கூட வேலை பாத்தவங்க யார் கையிலயாவது குடுத்து அனுப்புவார்.

— முந்தின நாளேவா? என்கிட்ட ஒண்ணாம் தேதி கட்டறதாத்தானே சொல்வார்?

— முந்தின நாள் சாயங்காலம். இருபத்துநாலு வருஷமும்.

— பாரு, அதைக்கூட என்கிட்ட சொல்லாம... சொன்னா, கையில இருக்கட்டும் ஒரு நாளுன்னு நான் சொல்வேன். அதுக்குத்தான் சொல்லாம இருந்திருக்கார். அடப்பாவி மனுஷா.

— அம்மா...

— ஒண்ணுமில்ல கண்ணு. விடு, அழுகை வரட்டும். நாலு மாசத்துல இப்பத்தான் ஒழுங்கா வருது. அப்ப ஆணி இல்ல?

— இல்ல.

— குழாய் இல்ல, தங்கச்சி இல்ல.

— ஒண்ணுமே இல்லம்மா. நல்லவங்கன்னுதான் எழுதி வச்சிருந்துச்சு.

— நல்லவங்கன்னு எழுதினதாலதான் வீடு கிடைக்கல. அவர்கிட்ட சொன்னா சிரிப்பார். மூச்சு வாங்க வாங்கச் சிரிப்பார். நீ அழாதே. நீ சரியாத்தான் சொன்னே, கேட்டவங்க காது கோணல். நீ என்ன பண்ணுவே?

— ஒரு தடவை, ஒரே ஒரு தடவை முழு வார்த்தையாச் சொல்லியிருந்தா...

— சொல்லலைல்ல. போகட்டும். எனக்கு ஒண்ணு பண்ணிக் குடு. இந்தக் கார்டை நான் கொண்டு போகலாமா?

— நகல் குடுத்தாப் போதும்னு சட்டத்துல...

— எடுத்துக்கோங்கம்மா. ஒரிஜினலையே எடுத்துக்கோங்க. பாப்பா, குடுத்துடு.

— அதுக்கு முன்னால அந்த எழுத்துப் பக்கத்துல மீதியையும் எழுதிடு கண்ணு. ஒத்தை எழுத்தா நிக்க வேண்டாம். இன்னொருத்தர் பாத்து வேற மாதிரி படிக்கக் கூடாது.

— எழுதறேன். ‘ண’, ‘ய’, ‘ம்’. போதுமாம்மா?

— அவர் பேரையும் படி.

— பேர் மேல இருக்கும்மா. பேர், மூணாம் மாடி, நாணயம்.

— போதும். தம்பி, உங்களை நான் மனசுக்குள்ள நிறையத் திட்டியிருக்கேன். எங்களைக் கெடுத்தது நீங்கதான்னு நினைச்சேன். இப்ப பாத்தா, இந்த ஊர்ல எங்களை நல்லவங்கன்னு எழுதி வச்சிருந்த ஒரே இடம் இதுதான். மன்னிச்சுக்கணும்.

— என்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்காதீங்கம்மா.

— கேக்கறதுல என்ன இருக்கு? தொழில் படுத்துடுச்சுன்னு கேள்விப்பட்டேன். சட்டம் எங்களுக்கு நல்லதுன்னாலும் உங்களை நினைச்சா கஷ்டமாத்தான் இருக்கு. உங்க ரெண்டு பேர் மனசுக்கு ஒரு குறையும் வராது. வரட்டுமா கண்ணு?

— பாத்துப் போங்கம்மா. நிழல் பக்கமாப் போங்க.

— வர்றேன் தம்பி.

— சரிங்கம்மா.

— போறாங்க பாரு அண்ணா. கார்டைப் பையில வைக்காம கையிலயே புடிச்சுக்கிட்டுப் போறாங்க. நின்னு பாக்கறாங்க. கண்ணாடி இல்லாம என்னத்தப் பாக்கறாங்களோ... இதைப் போய்க் காணோம்னு சொல்லச் சொன்னியே! சொல்லியிருந்தா அந்தச் சந்தேகத்தோடவே போயிருப்பாங்க.

— கதவைச் சாத்து.

— சாத்தறேன். இன்னும் முப்பத்தேழு ‘நா’ இருக்கு அண்ணா. எல்லாருக்கும் இன்னிக்கே போன் போடப் போறேன்.

— எதுக்கு?

— எதுக்கா? அவங்கள்ல எத்தனை பேர் வீடு கேட்டு அலைஞ்சாங்களோ! தையல்கார அக்கா, பள்ளிக்கூடம் பக்கத்துல வீடு கேட்டு நடையா நடந்தாங்களே. அந்தக் கண்ணு தெரியாத ரேடியோக்காரர். எல்லாரும் தன் மேல ஏதோ தப்புன்னுதானே நினைச்சுக்கிட்டு இருப்பாங்க? கூப்பிட்டு, உங்க மேல ஒரு குத்தமும் இல்ல, நாலு ஆபீஸ்லயும் தப்பாப் படிச்சுட்டாங்கன்னு சொன்னா...

— போனை வை பாப்பா.

— ஆனா ஒண்ணு அண்ணா. முனை ஆபீஸ்காரங்க தப்பாப் படிச்சாங்க, சரி. மத்த மூணு பேரும் எப்படி அதே தப்பைப் படிப்பாங்க? நானா இருந்தா நா-ன்னதும் நாய் வளக்கறவங்கன்னு நினைச்சிருப்பேன். ஒருத்தராவது அப்படி நினைச்சிருக்க மாட்டாங்களா? நாலு பேருமா நாள் கடத்துறவங்கன்னு...

— விடுன்னு சொல்றேன்ல.

— நீ ஏன் இப்படி வேர்க்கறே? உக்காரு. தண்ணி தரவா?

— வேண்டாம். கேட்டுக்கோ. உங்க அண்ணி படுத்திருந்த வருஷம் ஒரே மாசத்துல ஒம்பது குடும்பம் நம்மளை விட்டுப் போச்சு. அந்த நாலு பேரும் நல்ல வீடா காட்டி இழுத்துட்டாங்க. ஒம்பது பேரும் ‘நா.’

— நல்லவங்கதான் போவாங்க அண்ணா. மத்தவங்களை யார் சேத்துக்குவா?

— ஆமா. அதைத்தான் நானும் நினைச்சேன்.

— நினைச்சு?

— அடுத்த வாரம் நாலு ஆபீஸுக்கும் நானே நடந்து போனேன் பாப்பா. எங்க எழுத்துக்கெல்லாம் இதுதான் அர்த்தம்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டு வந்தேன், ‘நா’ ஒண்ணை மட்டும் மாத்தி.